அரை மணி நேரப் படகுச் சவாரி... கீழே இருக்கிற தண்ணீருக்கு என்ன ஆகிறது?

வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் ஒரு கட்டுரை கட்டாயம் உண்டு. ‘இந்த வீக் எண்டுக்கு எங்கே போகலாம்?’ அதற்குத் தண்ணீரும் படகும் இருக்கிற போட்டோவை வைத்தால் போதும், மலை, கோயில், அருவி எல்லாவற்றையும் தாண்டி வாசகர்கள் அதைத்தான் முதலில் தொடுகிறார்கள். எனக்கு இதில் ஆச்சர்யமே இல்லை. நான் காரைக்குடிக்காரி. கண்மாய் வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிற கோடைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர் என்றாலே மனசு குளிர்ந்துவிடும்.

இந்த ஆசையை எங்கள் வீட்டிலும் ஒருவர் கவனித்துவிட்டார். பெரியப்பா மகன். சொந்தமாக இரண்டு வேன் வைத்து ஓட்டுகிறார். கானாடுகாத்தான் பங்களாக்கள், ஆத்தங்குடி டைல்ஸ் என்று செட்டிநாட்டைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள், மூன்றாம் நாள் “பக்கத்துல கடல் இருக்கா?” என்று கேட்கிறார்களாம். இருக்கிறது. தேவகோட்டை, திருவாடானை வழியாகப் போனால் தொண்டி. காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

“ஏ பாப்பா, ஒரு ஸ்பீடு போட்டுல பங்கு போடலாம்னு இருக்கேன். பழைய இன்ஜின் ஒண்ணு சல்லிசா வருது. நீதான பத்திரிகைல இருக்க, இதுல என்ன வில்லங்கம் வரும்னு பார்த்துச் சொல்லு” என்றார்.

அண்ணன் கேட்டது அனுமதி, இன்ஷூரன்ஸ், லைஃப் ஜாக்கெட் பற்றி. அவர் அனுப்பிய செலவுப் பட்டியலில் இருந்தவை இன்ஜின், அடிப்பக்கப் பெயின்ட், நங்கூரம், எரிபொருள் கேன். ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க, எனக்கு வேறொரு வில்லங்கம் தெரிய ஆரம்பித்தது.

பத்து லிட்டரில் இரண்டரை லிட்டர்

அண்ணன் பார்த்துவைத்தது டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு இன்ஜின். படகின் பின்னால் தொங்குமே, அதுதான். இதில் எண்ணெயை எரிபொருளோடு கலந்தே ஊற்ற வேண்டும். பழைய கார்புரேட்டர் வகையில், எரிந்த புகை வெளியே போகிற நேரத்திலேயே புதிய எரிபொருளும் உள்ளே வருகிறது. வந்ததில் ஒரு பகுதி எரியாமலே புகையோடு சேர்ந்து வெளியேறிவிடுகிறது. பழைய ஸ்கூட்டரில் அது காற்றுக்குப் போகும். படகில் புகைபோக்கி தண்ணீருக்குள் இருப்பதால் நேராகத் தண்ணீருக்குப் போகிறது.

எவ்வளவு? இந்த வகை இன்ஜின்களில் எரிபொருளில் கால் பங்கு, சில சமயம் அதற்கு மேலும் எரியாமல் போகும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் கணக்கு. அதாவது 10 லிட்டர் ஊற்றினால் இரண்டரை லிட்டர் தண்ணீருக்கு. இதனால்தான் கலிபோர்னியா, நெவாடா எல்லையிலுள்ள தாஹோ ஏரியில் பழைய டூ ஸ்ட்ரோக் இன்ஜின்களுக்கு 1999-லேயே தடை போட்டார்கள். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் இந்தக் கசிவு மிகக் குறைவு. ஆனால் விலையும் அதிகம், எடையும் அதிகம். அண்ணனுக்கு வந்த இன்ஜின் ஏன் சல்லிசாக வந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

படித்தது மட்டும் போதாது என்று, கிழக்குக் கடற்கரையில் ஒரு படகுத்துறைக்குப் போய் அரை நாள் நின்று பார்த்தேன். சவாரி முடிந்து படகுகள் வந்து நிற்கிற இடத்தில் தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம். ஒருவர் படகின் அடியில் தேங்கியிருந்த எண்ணெய்த் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். கேட்டேன். கோபப்படவில்லை, சிரித்தார். “கடல் எம்மாம் பெருசும்மா, இது எம்மாத்திரம்?”

அவர் சொன்னது எல்லோரும் சொல்வதுதான். கடல் பெரிசு, உண்மை. ஆனால் நாம் சவாரி போகிற படகு அந்தப் பெரிய கடலுக்குப் போவதே இல்லை. அலை அடிக்காத கழிமுகம், முட்டளவுத் தண்ணீர் ஓடும் ஓடை, இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள் கவிந்த வாய்க்கால் என்று பார்க்க அழகான, பயமில்லாத இடங்களுக்குத்தான் போகிறது. மீனும் இறாலும் நண்டும் குஞ்சாக இருக்கும்போது ஒதுங்குவதும் அங்கேதான். அலை இல்லை, பெரிய மீன் துரத்தாது, தின்ன இரை உண்டு. நமக்கு எது அழகான இடமோ, அதுவே அவற்றுக்குத் தொட்டில். கசிவது சிறிதுதான், ஆனால் தொட்டிலுக்குள் கசிகிறது.

சிப்பி முளைக்காத வருடங்கள்

அடுத்தது பெயின்ட். படகின் அடியில் பாசியும் கொட்டலசும் ஒட்டாமல் இருக்க ஒரு சிறப்புப் பெயின்ட் அடிப்பார்கள். ஒட்ட வருகிற உயிரைக் கொல்கிற மருந்து அதிலே இருக்கும். அது மெள்ள மெள்ளத் தண்ணீரில் கரைந்தால்தான் வேலை செய்யும்.

பிரான்ஸில் அர்காஷோன் என்றொரு விரிகுடா. சிப்பி வளர்ப்புக்குப் பேர்போன இடம், உல்லாசப் படகுகளுக்கும்தான். 1970-களின் கடைசியில் அங்கே சிப்பிக் குஞ்சுகள் பிழைக்காமல் போயின, வளர்ந்த சிப்பிகளின் ஓடுகள் கோணலாகத் தடித்தன. பல வருடம் வருமானமில்லாமல் தவித்தன சிப்பி வளர்க்கும் குடும்பங்கள். கடைசியில் பிடிபட்ட குற்றவாளி, உல்லாசப் படகுகளின் அடிப்பெயின்டில் இருந்த ட்ரை பியூட்டைல் டின் என்ற வெள்ளீயச் சேர்மம். 1982-ல் 25 மீட்டருக்குக் குறைவான படகுகளில் அந்தப் பெயின்டை பிரான்ஸ் தடை செய்தது. சிப்பிகள் மீண்டன. உலக அளவிலான தடை ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 2008-ல்தான்.

இப்போது பெரும்பாலும் செம்பு கலந்த பெயின்ட். அந்த அளவுக்குக் கொடியதல்ல, ஆனாலும் விஷம்தான். படகைக் கரையில் ஏற்றி, பழைய பெயின்டைச் சுரண்டி, செதிலை அங்கேயே சேற்றில் விட்டுவிட்டால் அடுத்த ஓதம் அதை எடுத்துக்கொண்டு போய்விடும். கீழே ஒரு தார்ப்பாய் விரித்துச் சுரண்டி, குப்பையை அள்ளிவிட்டாலே பாதிப் பிரச்னை தீரும்.

ஆவுளியா மேயும் புல்வெளி

எங்களுக்குப் பக்கத்துக் கடல் பாக் விரிகுடா. ஆழம் குறைந்த கடல். சூரிய வெளிச்சம் தரைவரை போவதால் அடியில் கடற்புல் வளர்கிறது. அதை மேய்கிற கடற்பசுவை இங்கே மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். இதைக் காக்க, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில் சுமார் 448 சதுர கிலோமீட்டரை இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக 2022 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது.

ஆழம் குறைந்த இடத்தில் வேகப் படகு ஓடினால் புரொப்பல்லர் புல்லை வேரோடு சீவிவிடும். நங்கூரத்தை இழுத்தாலும் இதே கதை. அமெரிக்காவின் புளோரிடாவில் இப்படிச் சீவிய தடங்கள் ஆற வருடக்கணக்கில் ஆகின்றன. ஆவுளியாவின் உறவுக்காரனான மானட்டீ அங்கே படகு மோதிச் சாவது வழக்கமான செய்தி. அதனால் படகுகள் மெதுவாகத்தான் போக வேண்டும் என்று அங்கே பல இடங்களில் எல்லை குறித்திருக்கிறார்கள்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். கடலைக் கெடுப்பதில் முதல் குற்றவாளி சவாரிப் படகு இல்லை. ஊர்ச் சாக்கடையும் ஆலைக் கழிவும் பிளாஸ்டிக்கும் அதைவிடப் பெரியவை. மீன்பிடிப் படகிலும் இதே எண்ணெய், இதே பெயின்ட்தான். ஆனால் மீனவர் வயிற்றுக்காகப் போகிறார், நாம் அரை மணி நேரச் சந்தோஷத்துக்காக. அப்படிப் போகிற நமக்குக் கொஞ்சம் கூடுதல் பொறுப்பு உண்டு.

அப்பத்தாவிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். குழாய் வருவதற்கு முன்பு அவர் ஊருணித் தண்ணீர் சுமந்தவர். குடிக்கிற ஊருணியில் யாரும் கால் நனைக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, மாட்டை இறக்கக் கூடாது. எந்தச் சட்டமும் இல்லை, ஊரே காவல். “நாம குடிக்கிற தண்ணின்னா பார்த்துக்கிட்டோம். கடல் தண்ணிய யாரு குடிக்கப் போறா?” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே, “நண்டு திங்கிறோமே...” என்றார்.

அவ்வளவுதான் விஷயம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு நண்டு மசாலாவுக்குள் வருவது அந்தச் சேற்றில் வளர்ந்த நண்டு.

அண்ணனின் கணக்கு

எல்லாவற்றையும் எழுதி அண்ணனுக்கு அனுப்பினேன். முதலில் எரிச்சல்தான். “ஃபோர் ஸ்ட்ரோக் வாங்குனா தவணை கட்டியே செத்துருவேன் பாப்பா” என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. இரண்டு பிள்ளைகள், வேன் கடன் வேறு.

தொண்டிக்குத் தெற்கே காரங்காடு இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்ட மீனவ கிராமம். அலையாத்திக் காட்டுக்குள் படகுச் சவாரியையும் துடுப்புப் போடும் கயாக்கையும் வனத்துறையோடு சேர்ந்து ஊர்க்காரர்களே நடத்துகிறார்கள். அண்ணன் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பழைய இன்ஜினுக்கு அட்வான்ஸ் கொடுக்கவில்லை. “நம்மகிட்ட வேன் இருக்கு, அவங்ககிட்ட படகு இருக்கு. ஆளைக் கூட்டிட்டுப் போய் விடுறது என் வேலை” என்கிறார் இப்போதைக்கு. வருமானம் குறைவுதான், அண்ணிக்கு முகம் சுருங்கியிருக்கிறது. அடுத்த சீசனில் என்ன முடிவெடுப்பார் என்று எனக்குத் தெரியாது.

ஒன்று தெரியும். எந்தப் படகு ஓட வேண்டும் என்பதைக் கடைசியில் தீர்மானிப்பது டிக்கெட் வாங்குகிறவர்கள். ‘இதயக்கனி’ காலத்திலிருந்து நாம் பார்த்துப் பழகிய பிச்சாவரத்தில் இன்றைக்கும் துடுப்புப் படகு உண்டு. குறுகலான வாய்க்காலுக்குள் நுழைய அதுதான் வசதி. இன்ஜின் சத்தம் இல்லாததால் பறவையும் பறந்து ஓடாது.

இந்த விடுமுறைக்குப் படகுத்துறைக்குப் போனால், “துடுப்புப் படகு இருக்காண்ணே?” என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால், “மெதுவாவே போங்க, அவசரமில்லை” என்று சொல்லுங்கள். சிப்ஸ் பாக்கெட்டையும் தண்ணீர் பாட்டிலையும் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். எந்தப் படகிலிருந்தும் கடலில் பிளாஸ்டிக் போடக் கூடாது என்பது சர்வதேசச் சட்டமே. பத்துப் பேர் கேட்டால் படகுக்காரர் சிரித்துக்கொண்டு போய்விடுவார். சீசன் முழுக்க எல்லோரும் கேட்டால், அடுத்த வருடம் அவர் வாங்குகிற இன்ஜின் வேறாக இருக்கும்.