மருதனார்மடச் சந்தியில் ஒரு காலைப்பொழுது

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே வாருங்கள். இணுவிலைத் தாண்டினால் மருதனார்மடச் சந்தி. சந்தைக் கூட்டம், 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய மகளிர் கல்லூரிக்குப் போகும் சைக்கிள்கள்.

1990களில் குடாநாட்டுக்கு எரிபொருள் தடைப்பட்டிருந்தபோது நோயாளியையும் விறகையும் சுமந்தது சைக்கிள்தான். இன்றோ பஸ்ஸின் ஹோர்ன் கேட்டதும் அதுவே ஓரத்து மண்ணில் இறங்குகிறது.

யாழ்ப்பாணத்தார் பலர் குடியேறிய டொரொன்டோவில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே மூன்று பெருவீதிகளின் சைக்கிள் பாதைகளை அகற்ற ஒன்ராறியோ மாகாண அரசு 2024இல் சட்டம் இயற்றியது. சைக்கிளோட்டிகள் ஊர்வலம் போனார்கள், வழக்கும் தொடுத்தார்கள். அகற்றினால் உயிருக்கு ஆபத்து, அது அரசியலமைப்புக்கு முரண் என்று 2025 ஜூலையில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு மேன்முறையீடு செய்தது. அது வேறு கதை.

இங்கே, வெள்ளைச் சீருடைத் தங்கச்சி ஒருத்தி காலை ஊன்றி நிற்கிறாள், பஸ் போகட்டும் என்று.