மரத்தடி மனிதன்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டுக்குப் போகிறீர்களா? ஏரியில் படகு விட்டதோடு திரும்பிவிடாதீர்கள். தலைச்சோலைப் பக்கமும் சற்று நடந்துவிட்டு வாருங்கள். காப்பிச் செடிகளுக்கு நிழல் தரும் மரங்களில், ஓர் அணில் தன் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு ஓடுவதைக் கண்டால், "உஸ்! சத்தம் போடாதே!" என்று உங்கள் குழந்தைகளை அடக்குங்கள். கூட்டுக்கு ஆபத்து என்று பயந்தால், குட்டிகளை ஒவ்வொன்றாக வேறிடம் சேர்ப்பது தாய் அணிலின் வழக்கம்.

அந்தப் பதைப்பை 400 வருஷங்களுக்கு முன்பே நீர்வண்ணத்தில் தீட்டிவிட்டார்கள்! லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் அந்த மொகலாயச் சித்திரத்தை, ஜஹாங்கீரின் அரசவை ஓவியர் அபுல் ஹசன் தீட்டியதாகச் சொல்வார்கள். சினார் மரம் முழுக்க அணில்கள்; பொந்திலே குட்டிகள். மரத்தடியிலோ ஒரு மனிதன் மேலே ஏறப் பார்க்கிறான். பார்க்கும் நமக்கே நெஞ்சு அடித்துக்கொள்கிறது!

ஜஹாங்கீர் எப்படிப்பட்டவர் தெரியுமா? 1618-ல் அவர் வளர்த்த சாரஸ் கொக்குகள் குஞ்சு பொரித்தன. தகப்பன் கொக்கு குஞ்சைத் தலைகீழாகத் தூக்கவே, கொன்றுவிடுமோ என்று பயந்து அதைப் பிரித்து வைத்தார். மறுபடி விட்டுப் பார்த்தபோதுதான், தாய்க்குக் குறையாத பாசம் அது என்று புரிந்தது. அதைத் தம் நினைவுக் குறிப்பிலும் எழுதி வைத்தார்.

தகப்பன் கை முரடுதான். மனசும் முரடா, சொல்லுங்கள்!

தலைச்சோலையில் அந்த மரத்தடி மனிதனாக மட்டும் நாம் ஆகிவிட வேண்டாம். எட்ட நின்று பார்த்துவிட்டு வருவோம்.