கையோடு போகும் கணிப்பொறி

எங்கள் வீட்டு மடிக்கணினி அக்காவுடையது. பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது அரசு விலையில்லாமல் வழங்கியது. 2011-ஆம் ஆண்டு தொடங்கிய அத்திட்டத்தால்தான் எங்களைப் போன்ற வீடுகளுக்குள் கணிப்பொறி முதன்முதலாக நுழைந்தது. அக்கா மணமாகிச் சென்றதும் அது என் கைக்கு வந்தது. அதற்குள் பேட்டரி உயிரை விட்டிருந்தது. பிளக்கைச் செருகினால் ஓடும், பிடுங்கினால் அணைந்துவிடும். "பெயர்தான் மடிக்கணினி, சுவரை விட்டு நகராது" என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். வெட்கப்பட்டு அதை வெளியே கொண்டுபோவதையே விட்டுவிட்டேன்.

கணிப்பொறியின் வரலாற்றைப் படிக்கையில்தான் ஒரு செய்தி கிடைத்தது. எடுத்துச் செல்லக்கூடிய கணிப்பொறிகளில் வணிக வெற்றி கண்ட முதல் பொறி 1981-இல் வந்த ஆஸ்போர்ன்-1. எடை ஏறத்தாழ 11 கிலோ. விலை 1,795 டாலர். திரையோ வெறும் 5 அங்குலம். மூடினால் தையல் இயந்திரப் பெட்டி போலிருக்கும். விமான இருக்கைக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்குள் பேட்டரியே கிடையாது! போன இடத்தில் பிளக் தேட வேண்டியதுதான். அப்படியிருந்தும் மக்கள் அதை விரும்பி வாங்கினார்கள். கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் தேவையான நிரல்கள் அதனுடனேயே வந்தன.

அதை விற்ற ஆடம் ஆஸ்போர்ன் சிறுவயதில் நம் திருவண்ணாமலையில் வளர்ந்தவர், தமிழ் பேசியவர் என்று அறிந்தபோது எனக்கு வியப்புத் தாங்கவில்லை. அவர் தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன் ரமண மகரிஷியின் அடியார். 1983-இல் ஆடமின் நிறுவனம் நொடித்துப் போயிற்று. பிற்காலத்தில் இந்தியா திரும்பிய அவர் 2003-இல் கொடைக்கானலில் காலமானார்.

என் அப்பா உப்பு லோடுமேன். கிட்டங்கியிலிருந்து 50 கிலோ மூட்டைகளை லாரியில் ஏற்றும் ஒன்பது பேர் செட்டில் ஒருவர். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. சனிக்கிழமை கணக்கு. ஒவ்வொரு வாரமும் தங்கள் எண்ணிக்கையைவிடக் கணக்கப்பிள்ளையின் எண்ணிக்கை குறைவாகவே இருக்கிறது என்பார்கள். ஆனால் எந்த நாளில் குறைந்தது என்று எடுத்துச் சொல்லத் தெரியாமல் திரும்பிவிடுவார்கள்.

"ஏலே, எங்ககிட்ட இருக்கது கரிக்கோடுதான். அத நீ உன் பொட்டியில ஏத்திப் பாரேன்" என்றார் அப்பா.

ஒரு வாரம் முழுவதும் மாலைதோறும் அவர் சொல்லச் சொல்ல, லாரி வாரியாகப் பதிந்தேன். சனிக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். பதினொரு கிலோப் பெட்டியைச் சுமந்து பிளக் தேடியவர்கள் இருந்தார்கள் என்றால், எனக்கு மட்டும் என்ன வெட்கம்? டீக்கடை அண்ணாச்சி தம் மின்விசிறியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எனக்கு இடம் கொடுத்தார்.

கணக்கப்பிள்ளை 2,400 மூட்டை என்றார். எங்கள் கணக்கில் 2,600. "ஐயா, நாள் வாரியாப் பாத்துருவோம்" என்று ஒவ்வொரு லாரியாக வாசித்தேன். புதன்கிழமை சாயங்காலம் போன லாரி அவருடைய நோட்டில் இல்லை. சற்று நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தவர், 200 மூட்டைக்குரிய கூலியையும் எண்ணி வைத்தார். அப்பா அன்று என்னைப் பாராட்டவில்லை. வீடு வரும்வரை அந்தப் பெட்டியைத் தாமே சுமந்து வந்தார்.

நண்பர்களே, முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற கடற்கரை நம்முடையது. முத்து கரையேறி வராது. அது கிடக்கும் இடத்துக்கு மனிதன்தான் இறங்கிப் போக வேண்டும் என்பது நம் முன்னோர் கண்டது. நாம் கற்கும் கல்வியும் அப்படித்தான். வேலை நடக்கும் இடத்துக்கு, அது உப்புக் கிட்டங்கியானாலும் மீன் ஏலக் கூடமானாலும், நாம்தான் அதை எடுத்துச் செல்ல வேண்டும். பிளக் கிடைக்காவிட்டால், பக்கத்துக் கடையில் கேட்டுக்கொள்ளலாம்.