மயான காண்டம்

புதன், இரவு 11.40

கந்தளாய்த் தண்ணி வயலுக்கு வந்து ஒரு கிழமை. தவளைச் சத்தம் காதை அடைக்கிறது. சற்று முன் தூரத்தில் இரண்டு யானை வெடி கேட்டது. விடிந்தால் தெரியும், யாருடைய வேலி போனதென்று.

மருமகன் கொண்டுவந்து தந்த ‘மாயா’வை மடிகணினியில் போட்டேன்.

“பேய்ப்படம் பெரியம்மா. பயமெண்டால் போய்ப் படுங்கோ.”

“யானையை விடப் பெரிய பேயோ? நீ போடு பிள்ள” என்று பாயை இழுத்துப் போட்டு, பாக்குவெட்டியும் கையுமாகக் குந்திவிட்டா.

அசுவின் சரவணனின் முதல் படம் இது. 2015 செப்டெம்பர் 17இல் வெளிவந்தது. ‘டார்லிங்’, ‘காஞ்சனா 2’ என்று பேய்கள் எங்களைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்த ஆண்டு. இந்தப் பேய் சிரிக்க வைக்கவில்லை. நயன்தாரா, சென்னையில் வாய்ப்புக்கு அலையும் நடிகை. கைக்குழந்தை, கடன், பிரிந்துபோன கணவன். ஒரு பேய்ப்படத்தைத் திரையரங்கில் தன்னந்தனியாக இருந்து முழுக்கப் பார்த்தால் பணம் தருவதாக ஓர் அறிவிப்பு. போகிறாள். இன்னொரு பக்கம் கறுப்பு வெள்ளையில், மாயவனம் என்ற காட்டைப் பற்றி வரையும் ஓவியனின் கதை ஓடுகிறது. சத்யன் சூரியனின் கமரா அந்தக் காட்டைக் கரி பூசியதுபோலக் காட்டுகிறது. நெடுநேரம் கழித்துத்தான் முடிச்சு அவிழ்கிறது: அவள் பார்க்கப் போன படமே அந்தக் கறுப்பு வெள்ளைக் கதைதான். ஓவியனாக நடிப்பவன் அவளுடைய கணவன்.

பாக்குவெட்டிச் சத்தம் நின்றது.

“அப்ப, புருசனைப் பாக்கவும் இவள் படத்துக்குத்தான் போகவேணுமோ?” என்று கேட்டா பெரியம்மா.

வியாழன், காலை

யானை மூன்று வீடு தள்ளி வாழையைத் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. பெரியம்மா தேத்தண்ணியோடு வந்து, நான் கேட்காமலே பெரியப்பாவின் கதையைத் தொடங்கினா.

பெரியப்பா அரிச்சந்திரன் வேசம் கட்டியவர். காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து மயான காண்டத்தை ஊரூராக ஆடிப் பேர் பெற்றிருந்த காலம். இங்கேயும் இளந்தாரிகளுக்கு அந்தப் பித்து. நடுச்சாமச் சுடுகாடு. பாம்பு தீண்டிச் செத்த மகனைச் சந்திரமதி சுமந்து வருகிறாள். காவலுக்கு நிற்பவன் அவளுடைய புருசன். அடையாளம் தெரியாமல் கூலி கேட்கிறான். கையில் ஒன்றும் இல்லை என்கிறாள். கழுத்தில் தாலி இருக்கிறதே, அதை விற்றுக் கொடு என்கிறான். கணவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் தாலி அது. அந்த ஒரு சொல்லில் அவள் அவனை அறிந்துகொள்கிறாள்.

இதைவிடப் பெரிய பேய்க்கதை எங்களிடம் உண்டா? இருட்டு, பிணம், நடுவில் ஒருத்தரை ஒருத்தர் அடையாளம் தெரியாத புருசன் பெண்சாதி. 1968இல் வந்த போலன்ஸ்கியின் ‘ரோஸ்மேரிஸ் பேபி’யிலும் ஒரு நடிகன் நியூயோர்க்கில் தன் வாய்ப்புக்காக மனைவியின் வயிற்றையே பேரம் பேசுகிறான். பில்லி சூனியக்காரரை விட, ஒன்றும் நடக்காததுபோல அவளைத் தேற்றும் அவனுடைய முகத்துக்குத்தான் நான் பயந்தேன்.

“அவர் தாலியைக் கேக்கேக்க சனம் முழுக்க அழும்” என்றா பெரியம்மா. “நான் பாயில உன்ர அண்ணனை மடியில போட்டுக்கொண்டு பாத்துக்கொண்டிருப்பன். எனக்கு மட்டும் அழுகை வராது.”

“ஏன்?”

“என்ர தாலி அப்ப அடகில. அவற்ற உடுப்புக்கும் ஆர்மோனியக்காரனுக்கும் குடுக்க எண்டு வாங்கிக்கொண்டு போனவர்.”

“மீட்டுத் தந்தவரோ?”

“அறுவடைக்குப் பிறகு நான்தான் மீட்டன்.” கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழும்பினா. குசினி வாசலில் நின்று திரும்பினா. “ஆனால் நல்லாப் பாடுவார், பிள்ள.”