வேலன் வெறியாட்டும் 'கொட்டுக்காளி'யும்

நகை என்னும் மெய்ப்பாடு தோன்றுதற்குரிய களங்கள் நான்கு என்பர் தொல்காப்பியர். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன அவை. இவற்றுள் பேதைமையிலும் மடமையிலும் பிறக்கும் நகை தனித்தன்மை உடையது. சிரித்து முடித்த பின்னரும் அது நெஞ்சில் முள்ளாய்த் தங்கிவிடும். 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் வெளிவந்த 'கொட்டுக்காளி' என்னும் தமிழ்த் திரைப்படம் அத்தகைய நகையை உள்ளடக்கியது. 'கூழாங்கல்' படத்திற்காக 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் புலி விருது பெற்ற பி.எஸ். வினோத்ராஜ் இதன் இயக்குநர். பெர்லின் பன்னாட்டு விழாவில் திரையிடப்பெற்ற பெருமை இருந்தும், நம் நாட்டுத் திரையரங்குகளில் இப்படம் தனக்குரிய வரவேற்பைப் பெறவில்லை என்றே சொல்ல வேண்டும்.

கதை மிகச் சிறிது. மீனா என்னும் இளம்பெண் கல்லூரியில் படித்தவள். வேறு சாதி இளைஞன் ஒருவனை விரும்புகின்றாள். முறைமாமன் பாண்டிக்கே அவள் உரியவள் என்பது குடும்பத்தாரின் முடிவு. அவள் மனம் மாறாமை கண்டு, பேய் பிடித்தது என்றும் மருந்து வைத்துவிட்டார்கள் என்றும் துணிகின்றனர். ஆட்டோவிலும் இருசக்கர வண்டிகளிலும் உற்றார் புடைசூழ, ஒரு சேவலையும் உடன்கொண்டு, பேயோட்டும் பூசாரியிடம் அவளை அழைத்துச் செல்கின்றனர். அந்த ஒரு பகற்பயணமே படம். பின்னணி இசை இல்லை. மீனாவாக நடிக்கும் அன்னா பென் ஏறத்தாழப் படம் முழுவதும் வாய்திறப்பதில்லை.

இதில் நகைக்கு இடம் எங்கே என வினவலாம். நகைச்சுவை நடிகராகவே நாம் அறிந்திருந்த சூரி, இங்கே முரட்டுப் பாண்டியாகத் தொண்டை கட்டிக் கழுத்தில் சுண்ணாம்பு தடவி வருகின்றார். குரலே எழாதவன் எல்லோரையும் அதட்டுகின்றான். பேசக் கூடியவளோ மௌனம் காக்கின்றாள். வழியில் ஒரு காளை மறித்து நிற்கின்றது. வீறாப்புப் பேசிவந்த ஆடவர் செய்வதறியாது நிற்க, சிறுமி ஒருத்தி வந்து அதனை எளிதாக ஓட்டிச் செல்கின்றாள். ஒரு பெண்ணை அடக்கப் புறப்பட்ட கூட்டத்தின் வலிமை அவ்வளவே! நாம் சிரிக்கின்றோம். ஆனால் வண்டிக்குள் மீனா அமர்ந்திருப்பது நினைவுக்கு வந்ததும் அச்சிரிப்பு உறைந்துபோகின்றது.

தமிழ் பயின்றோர்க்கு இக்காட்சி புதிதன்று. தலைவியின் மேனி வாடக் கண்ட தாய், முருகன் அணங்கினான் எனக் கருதி வேலனை அழைத்து வெறியாட்டு எடுப்பதைச் சங்க அகப்பாடல்கள் பலபடப் பேசுகின்றன. கே.ஜி.கண்டிகையில் வாழும் எம்மனோர்க்குத் தணிகை மலை அண்மையது. குறமகள் வள்ளியை முருகன் மணந்த தலம் என மரபு அதனைப் போற்றும். தானே காதலித்து மணந்தவனிடம், பெண்ணின் காதல் நோயைத் தீர்க்கும்படி வேண்டுவது எத்துணைப் பெரிய முரண்!

பழம்புலவர்கள் இம்முரணை விட்டுவைக்கவில்லை. மறியைப் பலியிட முனையும் வேலனிடம், 'நோய் தந்தவன் மலைநாடன். அவன் மார்பும் இப்பலியை உண்ணுமோ?' என்ற கருத்துப்படத் தோழி வினவுகின்றாள் குறுந்தொகையில். நற்றிணைத் தோழி இன்னும் துணிந்தவள். தன்னால் வந்த நோயன்று என்று அறிந்தும் வெறிக்களத்துக்கு வந்த முருகனையே அவள் அறியாதவன் என்கின்றாள். வெறிபாடிய காமக்கண்ணியார் அகநானூற்றில் பாடிய தலைவியோ, தலைவன் வந்து நோய் நீங்கியதும் வேலனின் வீண்முயற்சியை எண்ணி நகுகின்றாள்.

இவற்றோடு ஒப்பிடும்போதுதான் 'கொட்டுக்காளி'யின் துயரம் முழுதும் புலனாகின்றது. சங்கத் தலைவிக்கு ஒரு தோழி இருந்தாள், மீனாவுக்கு இல்லை. உடன்வரும் பெண்களுள் ஒருவரேனும் 'உனக்கு என்னம்மா வேண்டும்?' என்று அவளைக் கேட்பதில்லை. உண்மையை எடுத்துரைக்க ஒரு வாய் இல்லாத இடத்தில், பிடிவாதம் ஒன்றே அவளுக்கு மொழியாகின்றது.

இது பிறர் வீட்டுக் கதை என நாம் ஒதுங்குதல் தகாது. தாயத்தும் மந்திரித்த கயிறும் நம் வீடுகளிலும் உண்டு. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில், மனநோயாளர் தங்கியிருந்த கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் ஓட இயலாமல் மாண்டவர் 28 பேர். மனநோயாளரைச் சங்கிலியால் பிணித்தலை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடை செய்துள்ளது. நோயைப் பேய் என்பதும், விருப்பத்தைப் பேய் என்பதும் ஒரே வேரில் முளைத்தவை. உரியவரிடம் கேளாமையே அவ்வேர்.

கன்னிப் பெண்ணின் இசைவைக் கேளாமல் மணம் முடித்தல் கூடாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் நெறி. நாணத்தால் அவள் பேசாதிருப்பின் அம்மௌனமே இசைவாகும் என்பதும் அவர்கள் வாக்கே. அது கேட்ட பின்னர் நிலவும் மௌனம். கேளாமலே அடக்கப்பட்ட மௌனம் அன்று. தம் விருப்பத்திற்கு மாறாகத் தந்தை மணம் செய்வித்தார் என்று முறையிட்ட கன்ஸா (ரலி) அவர்களின் திருமணத்தை அண்ணலார் செல்லாததாக்கினார்கள் என்ற செய்தியையும் பெரியோர் அறிவர். அறிந்ததை நம் இல்லங்களில் நடைமுறைப்படுத்துகின்றோமா என்பதே வினா.

படத்தின் முடிவில், பூசாரியிடம் வேறொரு பெண்ணுக்கு நிகழும் சடங்கைப் பாண்டி நின்று பார்க்கின்றான். முதன்முறையாக அவன் முகத்தில் ஐயம் படர்கின்றது. மீனாவின் முறை வருமுன் இயக்குநர் படத்தை நிறுத்திவிடுகின்றார். எஞ்சியதை நாமே முடிவு செய்தல் வேண்டும்.

சிற்றூர்களிலிருந்து பேருந்தேறி வந்து, வகுப்பின் கடைசி வரிசையில் வாய்திறவாது அமர்ந்திருக்கும் மாணவியர் எல்லாக் கல்லூரிகளிலும் உளர். அவர்களை அடக்கமானவர்கள் என்று நாம் பாராட்டிவிட்டுப் போகின்றோம். இனி ஒருமுறையேனும் அருகமர்ந்து, அவர்கள் சொல்ல விரும்புவது யாதெனக் கேட்போம். ஆசிரியரும் பெற்றோரும் உடன்பயிலும் மாணவியரும் ஏற்க வேண்டிய தோழியின் பணி அதுவே. அப்பணியை நாம் செய்தால், எந்தச் சேவலையும் தூக்கிக்கொண்டு எவரும் பயணம் புறப்பட வேண்டியதில்லை.