போரிவலிக் காட்டில் ஒரு வகுப்பு

மும்பை வாழ் தமிழன்பர்களுக்குக் கன்னேரிக் குகைகள் புதியன அல்ல. ஊரிலிருந்து மாமனாரோ மைத்துனரோ வந்துவிட்டால், எலிபெண்டாவுக்கு அடுத்தபடியாக நாம் அவர்களை அழைத்துச் செல்லுமிடம் அதுவே. புளிச்சாதப் பொட்டலத்துடன் போரிவலியில் இறங்கி, குகைகளைக் கண்டு, பொட்டலத்தில் பாதியைக் குரங்குகளிடம் பறிகொடுத்துத் திரும்பி விடுகிறோம். குகைகளைச் சூழ்ந்து சுமார் 104 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவை நாம் பார்ப்பதே இல்லை.

அக்காட்டைப் பள்ளிச் சிறாருக்குச் சுற்றிக் காட்டி, அங்கேயே விஞ்ஞான பாடம் நடத்துவதும் உண்டு. சென்ற டிசம்பரில் தாராவிப் பள்ளியொன்றின் ஏழாம் வகுப்பு மாணவர் நாற்பதின்மர் அவ்வாறு சென்றபோது, துணைக்குப் போன பெற்றோருள் நானும் ஒருவன்.

எங்களை அழைத்துச் சென்ற வனக்காவலர் அக்காட்டிலேயே பிறந்து வளர்ந்த வார்லிக் குடியினர். இந்தியும் மராத்தியும் கலந்து பேசினார். பிள்ளைகள் குறிப்பேட்டைத் திறந்ததும், மூடிவைக்கச் சொன்னார். பெயர்களைப் பிறகு எழுதிக்கொள்ளலாம், முதலில் கண்ணால் பாருங்கள் என்றார். புழுதியில் இரண்டு அடிச்சுவடுகள் இருந்தன. ஒன்றில் விரல்களின் முன்னே நகக்குறி தெரிந்தது, மற்றதில் இல்லை. முன்னது நாய், பின்னது நகத்தை உள்ளிழுத்துக்கொண்டு நடக்கும் சிறுத்தை. பாடப்புத்தகத்தில் இதை வரியாகப் படித்து மறந்த பிள்ளைகள், மண்டியிட்டுப் பார்த்தபின் ஒருநாளும் மறக்கமாட்டார்கள்.

நகரை ஒட்டித் திரியும் சிறுத்தைகளுக்குத் தெருநாயும் இரை. குப்பை சேர்ந்தால் நாய் வரும். நாயைத் தேடிச் சிறுத்தை வரும். ஆகவே குப்பையை அகற்றுவதும், இருட்டியபின் சிறுவர் தனியே வெளியே போய்க் குனிந்து அமராதிருப்பதும் காட்டோரக் குடியிருப்புகளில் உயிர்காக்கும் பாடங்கள். 2004 இல் இப்பூங்காவைச் சுற்றிச் சிறுத்தை தாக்கிப் பலர் மாண்டனர். பிடித்த சிறுத்தைகளை வேறோர் இடத்தில் கொண்டுபோய் விடுவது ஆபத்தைக் குறைப்பதில்லை, கூட்டவே செய்கிறது என்பது மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதியில் நடந்த ஆராய்ச்சியில் தெரிந்தது. பெரியவர்கள் கூண்டு வை என்று கூச்சலிடுகையில், இதை எடுத்துச் சொல்லப் பிள்ளைகளே தகுந்தவர் என்று அவர் கருதுகிறார் போலும்.

வழியில் கார்வி என்னும் செடியைக் காட்டினார். எட்டாண்டுக்கொரு முறை காடெங்கும் ஊதாவாகப் பூத்து, விதை உதிர்த்து மடிவது. 2016 இலும் 2024 இலும் பூத்தது. அதன் தண்டுகளால் சுவர் பின்னி மண் பூசுவது வார்லி மக்களின் வழக்கம். இது நம் குறிஞ்சியின் இனம் என்று நான் சொன்னபோது, தமிழ்ப் பாடத்தில் ஐந்திணை படித்திருந்த பையன் ஒருவன் வியந்து போனான். குறிஞ்சி என்பது ஒரு மெய்யான செடி என்று அவனுக்கு எவரும் சொன்னதில்லை!

ஆயினும் அன்றைய சிறந்த பாடம் தண்ணீரைப் பற்றியதுதான். கன்னேரியில் பௌத்த பிக்குகள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பாறையில் கால் வெட்டி, மழைநீரைத் தொட்டிகளில் சேர்த்து வைத்தனர். மழை நின்று இரண்டு மாதமாகியும் சில தொட்டிகளில் நீர் இருந்தது. அதன்பின் காவலர் இரு குப்பி நீரை எடுத்தார். ஒன்றை மிதிபட்ட வெறுந்தரையில் ஊற்றினார். அது செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு நொடியில் ஓடிற்று. மற்றதைச் சருகு மூடிய சரிவில் ஊற்றினார். பெரும்பகுதி உள்ளே இறங்கி, சிறிதளவே கசிந்து வந்தது.

இக்காட்டில் உள்ள விஹார் ஏரி 1860 இல் கட்டி முடிக்கப்பட்டது. மும்பைக்கு முதன்முதல் குழாய்வழிக் குடிநீர் தந்தது அதுவே. இன்று நகரின் குடிநீரில் அதன் பங்கு சிறிதுதான். ஆனால் அது வழிந்து வரும் நீரும் பவாய் ஏரியின் மிகுநீரும் கூடி மித்தி நதியாகி, தாராவியின் ஓரமாக ஓடி மாஹிமில் கடல் சேருகிறது. இதைக் கேட்ட சிறுமி ஒருத்தி தன் தாயின் கையைப் பற்றி, “அம்மா, நம்ம வீட்டுப் பின்னாலே ஓடுற நாலா இங்கேயிருந்தா வருது?” என்றாள். அத்தாய் பதில் சொல்லவில்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததும், மித்தி கரைகடந்ததும் அவர் போன்றோர் நினைவை விட்டு அகலுமோ? காடு இருந்தால் வெள்ளம் வராதா என்று அச்சிறுமி மீண்டும் வினவினாள். காவலர் மழுப்பவில்லை. அவ்வளவு மழையை எந்தக் காடும் தாங்காது. நதியின் அகலத்தைக் குறுக்கியதும் குப்பை கொட்டியதும் யாரென்று வீட்டில் கேள் என்றார்.

குறையும் உண்டு. நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு காவலர் போதாது. பின்வரிசைச் சிறுவர் பாதி நேரம் குரங்கையே பார்த்திருந்தனர். இருபதின்மர் சென்றாலே இப்படிப்புப் பயன்தரும். சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பினரை இரு குழுவாக அனுப்பலாம். மாஹிம், மாதுங்கா சாலை அன்பர்கள் மேற்கு மார்க்கத்தில் நேரே போரிவலி செல்லலாம். சயானில் ஏறுவோர் தாதரில் மாறவேண்டும். வாயில் நிலையத்தின் கிழக்கே நடக்கும் தொலைவுதான். பூங்காவுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. காட்டுப் பாதைகளில் நடக்க முன்கூட்டியே அனுமதி பெறுதல் அவசியம்.