ரிங்குக்கு ஒரு தனி பின்

மிக்ஸட் சிக்னல் சிப்புக்கு லேஅவுட் போடுகிறவர்களுக்கு அனலாக் பிளாக்கைச் சுற்றி நாய்ஸைத் தடுக்க ஒரு கார்ட் ரிங் போட்டுவிட்டால் மனசு நிம்மதியாகிவிடும். எனக்கும் பல வருஷம் அப்படித்தான்.

அந்த நிம்மதியைக் கெடுத்தது ஒரு 12 பிட் ஏடிசி. ஒரு வோல்ட் ரேஞ்சில் அதன் ஒரு எல்எஸ்பி, அதாவது மிகச் சின்னப் படி, கால் மில்லிவோல்ட்கூட வராது. சிமுலேஷனில் சுத்தமாக இருந்தது, சிலிக்கான் வந்ததும் டிஜிட்டல் கிளாக் ஓடும்போதெல்லாம் கடைசி பிட்டுகள் ஆடின. பிளாக்கை வரைந்தவர் வேலையை விட்டுப் போயிருந்தார். நான் வரைந்திருந்தாலும் அப்படியேதான் வரைந்திருப்பேன். ரிங் நல்ல அகலம், எங்கும் அறுபடவில்லை.

சீனியர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இந்த ரிங் எந்த கிரவுண்டுக்குப்பா போகுது?"

டிஜிட்டல் கிரவுண்டுக்கு. அது வெளியே போவது பாண்ட் ஒயர் வழியாக. அதன் இண்டக்டன்ஸ் மில்லிமீட்டருக்குச் சுமார் 1 நானோஹென்ரி. 3 மி.மீ. ஒயரில் ஒரு நானோசெகண்டுக்குள் 50 மில்லியாம்ப் ஏறினால் 150 மில்லிவோல்ட் துள்ளும். காவலுக்கு நிறுத்திய ரிங்கே அந்தத் துள்ளலை அனலாக் வாசல்வரை கொண்டுவந்து விட்டிருக்கிறது. அயனிக் கற்றையால் சிப்பின் கம்பிகளை வெட்டும் ஃபிப் லேபில் அந்த இணைப்பை வெட்டிப் பார்த்தோம். ரிங் எதிலும் சேராமல் தொங்கியபோது ஆட்டம் குறைந்தது!

அனலாக் பிளாக்கை டிஜிட்டலிலிருந்து தள்ளி வைத்தால் போதாதா? எபி வேஃபரில் போதாது. மெல்லிய எபி அடுக்குக்கு அடியில் கனமாக டோப் செய்த சிலிக்கான். நாய்ஸ் கீழே இறங்கி எங்கும் பரவிவிடும். எபி தடிமனைப்போல் நாலு மடங்குக்கு மேல் இடைவெளி விட்டுப் பயனில்லை, சப்ஸ்ட்ரேட் பயாஸின் இண்டக்டன்ஸைக் குறைப்பதே பலன் தரும் என்று 1993-லேயே ஸ்டான்ஃபோர்டின் சூ, வூலி முதலானோர் அளந்து எழுதிவிட்டார்கள். பெங்களூரு காக்ஸ் டவுனில் ஈஸ்ட் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் குடியிருப்பவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கூட்ஸ் வண்டி போகும்போது முன்னறையிலிருந்து சமையலறைக்குப் போனாலும் தரை அதிரத்தான் செய்யும். (லேசாக டோப் செய்த வேஃபரில் இடைவெளி உதவும். அது வேறு கதை.)

அடுத்த ரிவிஷனில் ரிங்குக்குத் தனி பின் கேட்டேன். லேஅவுட்டில் சின்ன வேலை, மீட்டிங்கில்தான் பெரிய சண்டை; பேக்கேஜில் ஒரு பின்கூட மிச்சமில்லை. கடைசியில் டெஸ்ட்டுக்கு வைத்திருந்த ஒன்று கிடைத்தது. அதற்கு இரண்டு ஒயர் போடச் சொன்னேன். இணையாக இரண்டு ஓடினால் இண்டக்டன்ஸ் குறையும். ஆட்டம் அடங்கியது. இப்போது புது சிப் என்றால் ஃப்ளோர்பிளானுக்கு முன்னால் பாண்டிங் டயக்ராமைத்தான் கேட்கிறேன். டிஜிட்டல் டீமோ ரிவிஷனுக்கு ரிவிஷன் அந்தப் பின்னைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறது.